சினிமாவால் சுறாக்களுக்கு உண்மையிலேயே கெடுதல் நடந்ததா?

"சுறா படங்களைப் பார்த்து ஜனங்கள் பயப்படுவது சரி. ஆனால் படம் படம்தானே, அதனால் கடலில் இருக்கும் சுறாவுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நஷ்டம் உண்டு. ஆனால் பலர் சொல்வதுபோல நேரடியாக இல்லை. சுறாக்களைக் கொன்றது மீன்பிடித் தொழில். அவை கொல்லப்படும்போது "ஏன்?" என்று கேட்க ஆளில்லாமல் செய்ததில்தான் சினிமாவுக்குப் பங்கு இருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் சுறாக்களைக் காப்பாற்றும் வழியும் பிடிபடாது.

2021இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வின்படி, 1970க்குப் பிறகான அரை நூற்றாண்டில் பெருங்கடல்களில் திரியும் சுறா, திருக்கை இனங்கள் 71 சதவீதம் குறைந்துவிட்டன. அதே காலத்தில் அவற்றின் மீதான மீன்பிடி அழுத்தம் 18 மடங்கு ஏறியது. துடுப்புக்காகவும் இறைச்சிக்காகவும் பிடிக்கிறார்கள். சூரை மீனுக்கு விரித்த தூண்டில்களிலும் வந்து மாட்டுகின்றன. ஆண்டுக்குச் சுமார் 10 கோடி சுறாக்கள் சாகின்றன என்பது 2013இல் வந்த மதிப்பீடு. மறுபக்கம், யாரும் சீண்டாமலே சுறா மனிதரைக் கடித்த சம்பவங்கள் 2024இல் உலகம் முழுக்க 47. அதில் இறந்தவர்கள் 4 பேர்.

சுறா பயம் சினிமாவில் பிறந்ததும் அல்ல. 1916 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இரண்டு வாரத்துக்குள் நான்கு பேர் சுறா கடித்து இறந்தார்கள். அந்தக் கரையோரமே நடுங்கியது. சிட்னி கடற்கரைகளில் சுறா வலை போட ஆரம்பித்தது 1937இல். ஒரு வலை 150 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம். கடற்கரையை அது மூடிவிடுவதில்லை. சுறா அதன் மேலாகவும் பக்கவாட்டிலும் தாராளமாக நீந்திப் போகலாம். ஆமையும் டால்பினும் திருக்கையும் அதில் சிக்கிச் சாகின்றன.

பயம் மட்டுமே ஓர் இனத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் கிரே நர்ஸ் சுறாவைப் பார்க்கலாம். வாயை மூடினாலும் ஊசி ஊசியான பற்கள் வெளியே தெரியும். பார்க்கவே கொடூரமாக இருக்கும். அதன் உணவோ மீன்கள். மனிதர் பக்கத்தில் நீந்தினாலும் அது பாட்டுக்குப் போகும் சாதுவான பிராணி. ஆனால் அந்தப் பற்களைப் பார்த்து இதுதான் ஆட்கொல்லி என்று முடிவு கட்டினார்கள். 1950களிலும் 60களிலும் நீருக்கடியில் ஈட்டியோடு வேட்டையாடியவர்கள் ஏராளமாகக் கொன்றார்கள். வெடிமருந்து வைத்த ஈட்டிகூடப் பயன்பட்டது. 1984இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் அதற்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. உலகிலேயே பாதுகாப்பு பெற்ற முதல் சுறா இனம் அதுதான் என்பார்கள். பாதுகாப்பு வந்து நாற்பது ஆண்டுகள் ஆகியும் கிழக்குக் கரையில் அது இன்னும் அழிவின் விளிம்பில்தான் இருக்கிறது. அதன் கருப்பையில் முதலில் வளரும் குட்டி தன் உடன்பிறப்புகளைத் தின்றுவிடும். கருப்பை இரண்டு, அதனால் ஒரு ஈற்றுக்கு இரண்டே குட்டிகள். இப்படிப்பட்ட உயிரினத்துக்குப் பத்து வருஷ வேட்டையே போதும், பல தலைமுறைக்கு எழுந்திருக்காது.

அப்படியானால் 1975இல் வந்த ஹாலிவுட் சுறா படம் 'ஜாஸ்' புதிதாக என்ன சேர்த்தது? என்னைக் கேட்டால், சுறாவுக்கு ஒரு நோக்கத்தைக் கொடுத்தது. அந்தப் படத்துச் சுறா பசிக்காக மட்டும் வருவதில்லை. ஆளைத் தேடி வருகிறது, படகைத் துரத்துகிறது, வஞ்சம் வைத்த வில்லன்போல நடந்துகொள்கிறது. மனித ரத்தத்தின் ருசி கண்ட தனிச் சுறா ஒன்று ஒரே கரையைச் சுற்றிச் சுற்றி வரும் என்ற கருத்தை ஏற்கெனவே சிட்னி அறுவை மருத்துவர் விக்டர் காப்பிள்சன் பரப்பியிருந்தார். 1958இல் புத்தகமே எழுதினார். அறிவியலில் அதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் திரையில் அது கோடிக்கணக்கானோர் மனதில் பதிந்துவிட்டது.

ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்த கிறிஸ்டோபர் நெஃப் 2015இல் இதற்கு 'ஜாஸ் விளைவு' என்றே பெயர் வைத்தார். சுறா வேண்டுமென்றே கடிக்கிறது, கடித்தால் சாவு நிச்சயம், அந்தச் சுறாவைக் கொன்றால்தான் தீர்வு. இந்த மூன்று நம்பிக்கைகளும் படத்திலிருந்து அரசாங்கக் கொள்கைக்குள் எப்படி வருகின்றன என்று காட்டினார். மூன்றுமே தவறு. கடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். பல நேரம் ஒரே கடியோடு சுறா விட்டுவிட்டுப் போய்விடுகிறது. கொல்வதால் பயன் உண்டா என்பதற்கு மேற்கு ஆஸ்திரேலியாவே சாட்சி. சில ஆண்டுகளுக்குள் அங்கே அடுத்தடுத்துப் பலர் இறந்தார்கள். வெள்ளைச் சுறாதான் காரணம் என்று கோபம் எழுந்தது. 2014இன் தொடக்கத்தில் மாநில அரசு மிதவைகளில் இரை மாட்டிய பெரிய தூண்டில்களைத் தொங்கவிட்டது. 172 சுறாக்கள் சிக்கின, 68 செத்தன. அதில் ஒன்றுகூட வெள்ளைச் சுறா இல்லை, பெரும்பாலும் புலிச் சுறாக்கள். குற்றவாளியைப் பிடித்துவிட்டோம் என்ற நிம்மதியை மக்களுக்குக் கொடுக்க, சம்பந்தமே இல்லாத பிராணிகளைக் கொன்றார்கள். எனக்கு இதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

படம் என்ற முறையில் 'ஜாஸ்' அற்புதம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உப்பு நீரில் இயந்திரச் சுறா அடிக்கடி பழுதானதால் அதை அதிகம் காட்ட முடியவில்லை. ஜான் வில்லியம்ஸின் இசை அந்த வேலையைச் செய்தது. காணாத ஒன்றுக்குப் பயப்பட வைத்தது. இசையின் பங்கை நான் சாதாரணமாக நினைப்பதில்லை. 2016இல் ஓர் ஆய்வில் ஒரே சுறாக் காட்சியை வெவ்வேறு இசையோடு போட்டுக் காட்டினார்கள். அச்சமூட்டும் இசையோடு பார்த்தவர்கள், இனிய இசையோடு பார்த்தவர்களைவிடவும் இசையே இல்லாமல் பார்த்தவர்களைவிடவும் சுறாவை மோசமாக மதிப்பிட்டார்கள். கதைப்படத்தை விடுங்கள், ஆவணப்படங்களே இந்த இசையைப் போடுகின்றன. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். "இது உண்மை" என்று நம்பித்தானே அதைப் பார்க்கிறோம்?

'ஜாஸ்' படத்துக்கு மூலமான நாவலை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி பிற்காலத்தை சுறாப் பாதுகாப்புப் பிரச்சாரத்திலேயே செலவிட்டார். சுறாக்கள் அழிந்ததில் நாவலுக்கும் படத்துக்கும் உள்ள பங்குக்காக வருந்துவதாக 2022இல் படத்தை இயக்கிய ஸ்பீல்பெர்க்கும் சொன்னார். அவர்களே பொறுப்பேற்றாலும் முழுப் பழியையும் அவர்கள் தலையில் போடுவது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்குப் பின்னால் வந்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் என்ன செய்தன? ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 109 சுறா படங்களைப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். 96 சதவீதத்தில் சுறா மனிதனுக்கு ஆபத்தாகத்தான் வருகிறது.

யானை, திமிங்கலம் என்றால் உலகமே கையெழுத்துப் போடும். சுறாவுக்கு அந்த ஆதரவு வர வெகுகாலம் ஆனது. வெள்ளைச் சுறாவைச் சட்டப்படி பாதுகாத்த முதல் நாடு தென்னாப்பிரிக்கா, அதுவும் 1991இல்தான். பெண் வெள்ளைச் சுறா குட்டி போடும் பருவத்துக்கு வரவே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று கணித்திருக்கிறார்கள். அதாவது 1991இல் பிறந்த சுறா இப்போதுதான் தாயாகத் தொடங்கியிருக்கும். தாமதத்தின் விலை அவ்வளவு பெரியது.

பயம் குறையவே குறையாதா என்றால், அப்படியும் இல்லை. 'ஜாஸ்' எடுக்கப்பட்ட மாசசூசெட்ஸ் மாநிலத்தையே பாருங்கள். கடல்நாய் எனப்படும் சீல்களுக்கு 1972லும் அவற்றைத் தின்னும் வெள்ளைச் சுறாவுக்கு 1997லும் அமெரிக்கா பாதுகாப்பு கொடுத்ததால், அங்கே கேப் காட் கரைக்கு வெள்ளைச் சுறாக்கள் திரும்ப வந்திருக்கின்றன. 2018 செப்டம்பரில் ஓர் இளைஞர் கடிபட்டு இறந்தார். 1936க்குப் பிறகு அந்த மாநிலத்தில் நேர்ந்த முதல் மரணம். கொல்ல வேண்டும், சீல்களையும் குறைக்க வேண்டும் என்று குரல்கள் எழத்தான் செய்தன. ஆனால் அரசு தூண்டில் போடவில்லை. ரத்தப்போக்கை நிறுத்தும் முதலுதவிப் பெட்டிகளைக் கடற்கரைகளில் வைத்தார்கள், அதைப் பயன்படுத்தப் பயிற்சி கொடுத்தார்கள். சுறா படம் போட்ட ஊதா நிறக் கொடி பறக்கிறது. சுறாக்களுக்கு அடையாளக் கருவி பொருத்தி, அவை கரைக்கு அருகே வந்தால் கடற்கரைக் காவலர்களுக்குத் தகவல் போகும்படி மிதவைகள் வைத்திருக்கிறார்கள். சீல் கூட்டம் இருக்கும் இடத்தில் நீந்தாதீர்கள், இடுப்பளவு தண்ணீரைத் தாண்டாதீர்கள் என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள்.