பிசினஸ் படிக்க வெளிநாடு போய் வேறு துறைக்குத் தாவ முடியுமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வயது 24, பி.காம் முடித்து ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. பிரிட்டனில் ஓராண்டு எம்எஸ்சி மேனேஜ்மென்ட் படிக்க 2026 செப்டம்பருக்கு இடம் கிடைத்திருக்கிறது, செலவு 25 லட்சம், முழுக்கக் கடன். “கணக்கு வேலை பிடிக்கவில்லை, கலை விழா, கண்காட்சி நடத்தும் துறைக்குப் போக ஆசை. பிசினஸ் படித்தால் மறுபடியும் ஃபைனான்ஸ், மார்க்கெட்டிங் பக்கம்தான் தள்ளுவார்களா? கடன் வாங்கிப் போகலாமா?”

முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: தாவ முடியும், நிறையப் பேர் தாவியிருக்கிறார்கள். ஆனால் பட்டத்தின் பெயரால் தாவியவர்கள் குறைவு. வகுப்பில் யாரோடு பழகுகிறீர்கள், டிசர்டேஷனுக்கு (கடைசியில் எழுதும் ஆய்வறிக்கைக்கு) என்ன எடுக்கிறீர்கள், பார்ட் டைமாக எங்கே வேலை பார்க்கிறீர்கள், படிப்பு முடிந்தபின் எத்தனை மாதம் விசா கையில் இருக்கும், இதெல்லாம்தான் திசையை மாற்றுகிறது. கன்சல்டன்சிக்காரர்கள் ரேங்கிங்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள், இதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள்.

தென்கிழக்கு ஆசியாவில் ஆப் வழியாக டாக்ஸி பிடித்துத் தரும் கிராப் நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். மலேசியாவைச் சேர்ந்த ஆன்டனி டானும் டான் ஹூய் லிங்கும் ஹார்வர்டில் எம்பிஏ படித்தபோது பழக்கமானவர்கள். ஆன்டனி பெரிய கார் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. ஹூய் லிங் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மலேசியாவில் ஒரு பெண் தனியாக டாக்ஸி ஏறப் பயப்பட வேண்டியிருக்கிறதே என்ற பேச்சு தொழில் திட்டமாக மாறி, 2011-ல் ஹார்வர்டில் நடந்த போட்டியில் இரண்டாம் இடம் பிடித்து, 2012-ல் மைடெக்ஸி என்ற பெயரில் ஊருக்குள் வந்தது, அதுதான் பின்னால் கிராப் ஆனது. மேடைகளில் இதோடு கைதட்டி முடித்துவிடுவார்கள். ஹூய் லிங்கின் படிப்புச் செலவை மெக்கின்சி ஏற்றிருந்ததால் அவர் திரும்பிப் போய் அங்கே வேலை செய்ய வேண்டியிருந்தது, 2015-ல்தான் கிராப்புக்கே முழுநேரமாக வந்து சேர்ந்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. பணம் கட்டியவருக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் அவராலேயே தாவ முடிந்தது. உங்களுக்குப் பணம் கட்டப்போவது பேங்க்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். பிரிட்டனில் ஓராண்டுப் படிப்பு என்பது ஓட்டமாக ஓடிவிடும். பெரிய நிறுவனங்களின் வேலைக்கு விண்ணப்பங்கள் செப்டம்பர், அக்டோபரிலேயே திறந்துவிடும், நீங்கள் அப்போதுதான் ஜாக்கெட் வாங்கிக்கொண்டிருப்பீர்கள். கலை விழாத் துறை அப்படி இயங்குவதில்லை, ஆள் பழக்கம்தான் அங்கே பெரிது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஆகஸ்டு முழுக்க ஃப்ரிஞ்ச் விழா நடக்கும். 1947-ல் அங்கே நடந்த சர்வதேச விழாவுக்கு அழைப்பே இல்லாமல் வந்து நாடகம் போட்ட எட்டுக் குழுக்களில் தொடங்கி, இன்று டிக்கெட், அரங்கு, விளம்பரம் என்று ஊரே அதில்தான் மூழ்கிக் கிடக்கும். கோடைக்காலம்தான் டிசர்டேஷன் காலமும். பல பல்கலைக்கழகங்களில் டிசர்டேஷனுக்குப் பதிலாக ஒரு நிறுவனத்தின் உண்மையான சிக்கலை எடுத்துச் செய்யும் புராஜெக்டும் உண்டு. விழா நடத்தும் ஒரு நிறுவனத்தின் டிக்கெட் வருமானத்தையோ செலவையோ எடுத்துச் செய்தால் அவர்கள் ஆபீஸுக்குள் போய் உட்கார உங்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

இங்கே இரண்டு விஷயத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், மாஸ்டர்ஸ் மாணவர்களுக்குப் பொதுவாக டிசர்டேஷன் எழுதும் கோடைக்காலமும் அதில் அடக்கம், சம்பளமில்லாத வேலையும் அந்த 20 மணி நேரத்துக்குள்தான் வரும். அப்புறம், மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது, அதாவது ஃப்ரீலான்ஸாக பில் போட்டுக் காசு வாங்கக் கூடாது. படிப்பு முடிந்து, அங்கேயே தங்கி வேலை பார்க்கத் தரும் கிராஜுவேட் விசா வாங்கியபின் அந்தத் தடை இல்லை. உங்களைப் போல் துறை மாற நினைப்பவருக்கு அதுதான் முக்கியமான காலம். ஆனால் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அந்த விசா இரண்டு ஆண்டு இல்லை, 18 மாதம்தான், நீங்கள் அந்தக் கணக்கில்தான் வருவீர்கள்.

அதற்குப் பிறகு அங்கேயே தங்க ஸ்பான்சர், அதாவது வேலை கொடுத்து விசாவுக்குப் பொறுப்பேற்கும் நிறுவனம், வேண்டும். 2025 ஜூலை முதல் பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு, புதிதாக வேலைக்கு வருபவர் என்ற சலுகை கிடைத்தாலும் 33,400. கலை விழா நிறுவனங்களில் தொடக்கத்திலேயே இவ்வளவு தருபவர்கள் அரிது, பாதி வேலைகள் சில மாத ஒப்பந்தம். கடனையும் பார்த்துவிடுங்கள்: 25 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 34,400 ரூபாய். படிக்கும்போது வட்டி கட்டாமல் இரண்டு வருடம் தள்ளிப்போட்டால், தனிவட்டியாகக் கணக்கிட்டாலே 42,000 ஆகிவிடும். மாதம் 42,000 கட்ட வேண்டியவர் கடைசியில் எந்த வேலைக்குப் போவார்? பிடிக்காத அதே கணக்கு வேலைக்கு.

அதனால் பிரிட்டனிலேயே கலை விழா வேலையில் தங்கிவிடலாம் என்ற நம்பிக்கையில் முழுக் கடன் வாங்காதீர்கள். கண்காட்சிகள்தான் இன்னும் அதிகம் இழுக்கிறது என்றால் ஜெர்மனியைப் பாருங்கள். கரூர் ஏற்றுமதியாளர்கள் ஜனவரியில் ஸ்டால் போடப் போகும் ஹைம்டெக்ஸ்டில் என்ற வீட்டுத் துணிக் கண்காட்சி நடப்பது ஃபிராங்க்ஃபர்ட்டில், ஹனோவர், கொலோன், டுசல்டார்ஃப் எல்லாமே கண்காட்சிகளால் பிழைக்கும் ஊர்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, முதல் வருடச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கிய கணக்கில் (மாதாமாதம் கொஞ்சம்தான் எடுக்க முடியும்) காட்ட வேண்டும், படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் உண்டு. ஜெர்மன் மொழி பேசாமல் அந்த வேலை கிடைப்பது கஷ்டம் என்பதால் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போகும். எனக்கு அது தப்பாகப் படவில்லை.

இன்னொன்று, நீங்கள் வெறுக்கும் கணக்கு வேலையை விண்ணப்பத்தில் ஒளிக்காதீர்கள். நிதியுதவியில் ஓடும் விழாக்களில் பட்ஜெட் போடவும் செலவுக்குக் கணக்குக் காட்டவும் தெரிந்த ஆளுக்கு எப்போதும் தட்டுப்பாடு, கலை ஆர்வம் மட்டும் உள்ளவர்கள் ஏராளம்.

பணம் கட்டுவதற்கு முன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மெயில் போடுங்கள்: டிசர்டேஷனுக்குப் பதில் நிறுவனப் புராஜெக்ட் உண்டா, நிறுவனத்தை நானே தேர்ந்தெடுக்கலாமா, கோடைக்காலம் எனக்கு விடுமுறையா பாடக் காலமா? பிரிட்டன் அரசின் இணையதளத்தில் ஸ்பான்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது, நீங்கள் சேர விரும்பும் விழா நிறுவனங்களின் பெயர்களை அதில் தேடுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் இந்த ஆண்டு சேர்க்கையைத் தள்ளிப்போட முடியுமா என்று அதே மெயிலில் கேட்டுவிடுங்கள்.