வில்லிஸ் ஜீப்பில் பெட்ரோல் கசிவு: கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஜீப்புகளை வைத்திருப்பவர்கள் கேட்டவை.

இரவு நிறுத்தினால் காலையில் தரையில் பெட்ரோல். ஓடும்போது ஒரு சொட்டும் இல்லை, ஆனால் ஏற்றத்தில் திணறுகிறது. எங்கே தேடுவது?

டேங்குக்கும் பம்புக்கும் நடுவில். இன்ஜின் ஓடும்போது அந்தப் பகுதியில் பம்ப் உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். உங்கள் வண்டி திணறுவது அதனால்தான். டேங்க் ஓட்டுநர் சீட்டுக்கு அடியில், பைப் அதைவிடத் தாழ்வாக சேசிஸை ஒட்டிப் போகிறது. அதனால் நிறுத்திய பிறகு சொட்டத் தொடங்கும். பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் கசிந்தால் கதை வேறு, இன்ஜின் ஓடும்போதுதான் பீய்ச்சும்.

சொட்டு விழும் இடத்தை மட்டும் நம்பாதீர்கள். பெட்ரோல் பைப்பின் அடிப்பக்கமாகவே ஊர்ந்து வந்து தாழ்வான ஒரு கிளிப்பில் சொட்டும். எல்லாவற்றையும் துடைத்துக் காயவிட்டு, இணைப்புகளில் முகப்பவுடர் தூவுங்கள். முதலில் நனையும் இடம்தான் குற்றவாளி. நான் பார்த்த ஒரு வண்டியில் ஹோஸை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். கசிந்ததோ பம்பின் கிண்ணத்துக்கு மேலிருந்த கார்க் வாஷர். மாதக்கணக்கில் ஓடாத வண்டியில் கார்க் காய்ந்து சுருங்கிவிடும்.

சோப்பு வைத்து அடைக்கலாமா?

வழியில் மாட்டிக்கொண்டால் வீடு சேர உதவும், சோப்பு பெட்ரோலில் கரையாது. அன்றைக்கு மட்டும்தான். டேங்கைக் காலி செய்துவிட்டோம் என்று வெல்டிங் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள். காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

செம்புப் பைப் வளைக்க எளிது, போடலாமா?

வேண்டாம். அதிர்வில் செம்பு இறுகி, ஒருநாள் நட்டுக்குப் பக்கத்தில் விரிசல் விடும். பழையபடி 5/16 அங்குல ஸ்டீல் பைப்பே போடுங்கள். நுனியைப் புனல் வாய்போல விரித்து, அதாவது ஃபிளேர் செய்து, நட்டை முடுக்குங்கள். டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். ஃபிளேரில் உலோகமே உலோகத்தோடு அமர்ந்து அடைக்கிறது. பிய்ந்த டேப் துணுக்கு கார்புரேட்டர் ஊசியில் சிக்கினால் அங்கே பெட்ரோல் வழியும்.

புது ரப்பர் ஹோஸ் ஆறே மாதத்தில் வெடித்துவிட்டதே?

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். சாதாரண ரப்பர் ஊறி மெத்தென்றாகிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் தரக்குறியான எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30R9) என்று அச்சிட்ட ஹோஸ் கேட்டு வாங்குங்கள். ஹோஸே வேண்டாம் என்று முழுக்க ஸ்டீல் போட்டுவிடாதீர்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடுகிறது, சேசிஸுக்கும் பம்புக்கும் நடுவில் வளையும் துண்டு வேண்டும்.

அப்புறம் பம்ப் டயாஃப்ரம், அதாவது பம்புக்குள் அசைந்து பெட்ரோலை உறிஞ்சும் சவ்வு. அதே எத்தனால் பழைய டயாஃப்ரத்தையும் கெடுக்கும். அது கிழிந்தால் வெளியே ஒன்றும் தெரியாமல் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் கலக்கலாம். டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பம்பைச் சரிசெய்து, ஆயிலை மாற்றிய பிறகு ஓட்டுங்கள்.

வேலைக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும்?

பேட்டரி வயரைக் கழற்றுங்கள். வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்துங்கள், பள்ளத்தில் இறங்கி வேலை செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.