விரல் சிவந்துவிட்டது, உணர்ச்சி எப்போது வரும்?

கேள்வி: என் வீட்டுக்காரர் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் வெட்டுகிறார். ஐந்து வாரம் முன்பு வஞ்சிரம் அறுக்கும்போது கத்தி வழுக்கி, ஆள்காட்டி விரலின் அடியில் ரத்தக்குழாயும் நரம்பும் அறுந்துவிட்டன. இரண்டையும் தைத்தார்கள். விரல் அன்றே சிவந்து சூடானது. நுனி மட்டும் இன்னும் மரத்துக் கிடக்கிறது. நரம்புத் தையல் சரியில்லையோ?

பதில்: ஐந்து வாரத்தில் அப்படி முடிவு கட்ட முடியாது. ரத்தக்குழாய் பைப் மாதிரி, இணைத்ததும் ரத்தம் ஓடும். நரம்பு இழைகளின் தாய் செல்களோ முதுகெலும்பை ஒட்டி இருக்கின்றன. வெட்டுக்கு அப்பால் விரலில் இருந்த இழைகள் அழிந்துபோகும். தைத்தது உறையைத்தான், உள்ளே இழை புதிதாக வளர்ந்து வர வேண்டும். அதன் வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். நுனிவரை 7 சென்டிமீட்டர் என்றால் 70 நாள். கிளம்பவே ஆகும் சில வாரங்களையும் சேர்த்தால் மூன்று, நான்கு மாதம்.

சரி, இரண்டும் ஏன் ஒரே வெட்டில் போயின? ஊசி போடும்போது ரத்தக்குழாயைத்தான் ‘நரம்பு கிடைக்கல’ என்கிறோம். அந்தக் குழப்பத்திலும் ஒரு நியாயம் உண்டு, இரண்டும் கருவிலேயே சேர்ந்து வளர்ந்தவை. கருவின் தோலில் முதலில் ரத்தக்குழாய்கள் வெறும் வலையாகக் கிடக்கும். நரம்பு அதற்குள் நுழைந்ததும், நரம்பும் அதைச் சுற்றிய ஷ்வான் செல்களும் விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கும். பக்கத்திலுள்ள குழாய்கள் தமனியாக மாறி நரம்பின் தடத்திலேயே அமையும். 2002இல் வெளியான ஆய்வில், நரம்புகள் தாறுமாறாக ஓடிய எலிக்கருக்களில் தமனிகளும் அதே தாறுமாறான வழியில் போயிருந்தன. வேறு சில இடங்களில் கதை தலைகீழ்: குழாய்ச் சுவர் சுரப்பதைப் பின்பற்றி நரம்பு வரும்.

காயம் ஆறும்போதும் இந்த உறவு உதவுகிறது. அறுந்த நரம்பின் இடைவெளியில் ஆக்சிஜன் குறைந்ததும் புது ரத்தக்குழாய்கள் முளைக்கும். அவற்றைப் பிடித்துக்கொண்டு ஷ்வான் செல்கள் ஊர்ந்து போகும், பின்னாலேயே நரம்பு இழை. அதனால் பீடி, சிகரெட் இருந்தால் அவர் இப்போதே நிறுத்தட்டும். புகை குழாயைச் சுருக்கும். ஐஸ் பெட்டி, சூடான டீ கிளாஸ் இரண்டிலும் கவனம் தேவை, சுட்டாலும் தெரியாது.

தழும்பிலிருந்து நுனிவரை விரலை லேசாகத் தட்டிப் பாருங்கள். ‘சுருக்’கென்று மின்சாரம் மாதிரி அடிக்கும் இடம் மாதாமாதம் நுனிப்பக்கம் நகர்ந்தால் நரம்பு வந்துகொண்டிருக்கிறது. மூன்று மாதமாகியும் தழும்பிலேயே நின்றால், தைத்த மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.