சுற்றும் வேகத்தைக் குறைத்தால் ஆட்டம் அடங்குமா?

கேள்வி: கொள்முதல் நிலையத்தில் போட்ட சம்பா நெல்லுக்குப் பணம் ஏறிய வாரமே, என் தம்பி போனில் ஸ்லாட் (படங்கள் சுழன்று ஒன்றுபோல் நின்றால் காசு தரும் சூதாட்டம்) ஆடிக் கரைத்துவிடுகிறான். ‘வெளிநாட்டில் இதற்கு விதியே இருக்கிறது, அளவோடு ஆடலாம்’ என்கிறான். அந்த விதியால் பயன் உண்டா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: தம்பி சொல்வது பிரிட்டன் விதியாக இருக்கும். 2021 அக்டோபர் 31 முதல் அங்கே ஆன்லைன் ஸ்லாட்டில் ஒரு சுற்றுக்குக் குறைந்தது 2.5 விநாடி ஆகவேண்டும். தானாகச் சுற்றும் ஆட்டோப்ளே கூடாது. ஆடிய நேரமும் விட்ட பணமும் திரையில் தெரியவேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம் இது: திரையில் ஒரே படம் எந்தெந்த வரிசையில் நின்றால் காசு என்பதைக் கோடு என்பார்கள். 20 கோட்டுக்கு ஒவ்வொரு ரூபாயாக 20 ரூபாய் கட்டுகிறோம். ஒரு கோட்டில் 8 ரூபாய் விழுகிறது. உடனே மணி அடித்து, காசு கொட்டுவதுபோல் காட்டுவார்கள். போனது 12 ரூபாய். மனசோ ஜெயித்த கணக்கில் வைத்துக்கொள்ளும். கட்டியதைவிட அதிகம் வராதபோது இந்தக் கொண்டாட்டத்துக்கு அங்கே தடை. நல்ல விதிதான்.

ஆனால் 2.5 விநாடிக்கு ஒன்று என்றாலும் மணிக்கு 1,440 சுற்று. சுற்றுக்கு 10 ரூபாய் வைத்தால் 14,400 ரூபாய் பந்தயம். நூற்றுக்கு 96 திருப்பித்தரும் ஆட்டத்திலும் சராசரியாக 576 ரூபாய் நட்டம். வேகம் குறைந்தால் பணம் மெதுவாகப் போகும், அவ்வளவே. 2025-ல் பிரிட்டன் சுற்றுக்கு 5 பவுண்டு, 25 வயதுக்குக் கீழே 2 பவுண்டு என்று உச்சவரம்பும் வைத்துவிட்டது.

இவை எதுவும் தம்பியின் போனுக்கு வராது. அதிர்ஷ்டத்தை நம்பிய ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தமிழ்நாட்டில் 2022-ம் ஆண்டுச் சட்டப்படியே தடை. ப்ளே ஸ்டோருக்கு வெளியே ஏபிகே கோப்பாக இறக்கிய செயலி எவ்வளவு திருப்பித்தருகிறது என்று கேட்க ஆளே இல்லை.

ஆகவே பணம் போகும் வழியைப் பாருங்கள். யுபிஐயிலிருந்து கணக்கை நீக்கினால் மட்டும் போதாது. வங்கியில் பதிந்த சிம் அவர் போனில் இருந்தால் சில நிமிடத்தில் மறுபடி சேர்த்துவிடலாம். அவர் சம்மதத்தோடு, நெல் பணம் ஏறிய அன்றே உரக்கடை பாக்கி, சொசைட்டி கடனைக் கட்டிவிடுங்கள். மீதியை இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் எடுக்கமுடியும் என்ற கூட்டு வைப்பில் போடுங்கள். கைச்செலவுக்கு வாரம் ஒரு தொகை, வேறு கணக்கில். கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோபே அனுமதி எதுவும் இருந்தால் ரத்து செய்யுங்கள்.

வழி அடைபட்டதும் விட்டதைப் பிடிக்கக் கடன் செயலியிடம் போவார்கள். முதல் சில வாரம் அதைக் கவனியுங்கள். ஆட்டத்தை விடமுடியாமல் தவித்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. ‘இழந்ததை மீட்டுத்தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்’ என்று யாராவது அழைத்தால் ஒரு பைசா அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குச் சொல்லுங்கள்.