இகோர் ஷ்டிமாட்ஸ் உண்மையிலேயே நல்ல ஆட்டக்காரரா?

“இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளராக இருந்த இகோர் ஸ்டிமாக், தம் காலத்தில் பெரிய ஆட்டக்காரர் என்கிறார்களே, அது உண்மையா, அல்லது குரோஷிய அணியின் புகழோடு ஒட்டிக்கொண்டவரா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கிண்ணத்தில் இந்தியா மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல் கூடப் போடாமல் தோற்றதைப் பார்த்த கோபம் உங்கள் கேள்வியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தக் கோபத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அதே ஆண்டு ஜூனில் அவரை நீக்கியதற்காக நான் கண்ணீர் விடவும் இல்லை. ஆனால் “ஒட்டிக்கொண்டவர்” என்ற சொல்லைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் அவரைப் போலப் பின்வரிசையில் நின்று எதிரணியின் கோலைத் தடுத்து விளையாடியவர்களைப் பற்றித்தான் இந்தச் சொல்லை எல்லோரும் கூசாமல் எழுதுகிறார்கள்.

முதலில் பெயர். அவர் பிறந்த குரோஷிய ஊரான மெட்கோவிச்சில் அதை ஷ்டிமாட்ஸ் என்பது போலச் சொல்வார்கள். இங்கிலாந்தின் டார்பி நகரத்தில் நான் வேலை செய்த பெற்றோல் நிலையத்துக்கு வந்தவர்களும் உங்களைப் போலவே ‘ஸ்டிமாக்’ என்றுதான் சொன்னார்கள், ஆகவே இதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை.

1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அந்த நகரத்தில் ஓர் அறையில் இருந்தேன். டார்பி கவுண்டியின் அன்றைய மைதானமான பேஸ்பால் கிரவுண்ட், வரிசை வீடுகளுக்கு நடுவில் சொருகி வைத்தது போல இருக்கும். சனிக்கிழமைகளில் கூட்டம் என் சன்னலுக்குக் கீழாகத்தான் நடந்து போகும். டார்பி அப்போது இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்குக்கு ஒரு படி கீழே இருந்தது. அந்த ஆண்டு ஒக்டோபர் இறுதியில் ஸ்பிளிட் நகரத்து ஹைடுக் அணியிலிருந்து ஏறக்குறைய 15 இலட்சம் பவுண் கொடுத்து ஷ்டிமாட்ஸை வாங்கினார்கள். முதல் ஆட்டம் டிரன்மியர் ரோவர்ஸ் அணிக்கு எதிராக. அவரே ஒரு கோல் போட்டார், டார்பி 5–1 என்று தோற்றது. மறுநாள் காலை பெற்றோல் அடிக்க வந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. பணத்தை ஆற்றில் போட்டுவிட்டார்கள் என்றார்கள்.

அந்தத் தோல்விக்குப் பிறகு லீக்கில் அடுத்த 20 ஆட்டங்களில் டார்பி ஒன்றில் கூடத் தோற்கவில்லை. 1996 ஏப்ரல் 28 அன்று கிறிஸ்டல் பலஸை 2–1 என்று வென்று பிரீமியர் லீக்குக்குப் போனது. அன்று உள்ளே போக என்னிடம் நுழைவுச்சீட்டு இல்லை. ஆட்டம் முடிந்ததை வானொலி சொல்வதற்கு முன்பே எழுந்த சத்தத்தில் என் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

உள்ளே போய்ப் பார்த்தது ஒரே ஒரு ஆட்டம். வாடிக்கையாளர் ஒருவர் காய்ச்சலில் படுத்ததால் தம் சீட்டைக் கொடுத்தார். அதற்காக வேலை நேரத்தை மாற்றிக்கொண்டதைக் காரணம் காட்டி என் மேலாளர் அந்தக் கிழமைக் கூலியில் கை வைத்தார், அதை நான் மறக்கவும் இல்லை. ஒரு நாள் பார்த்துவிட்டு ஒருவரை அளக்கலாமா என்று யாராவது கீழே எழுதுவார்கள். எழுதட்டும். அந்த மைதானத்தில் எல்லைக் கோட்டுக்கும் இருக்கைக்கும் இடையில் சில அடிகள்தான், வீரர்களின் மூச்சு வாங்கும் ஒலி வரை கேட்கும். எதிரணி மூலை உதைக்குப் பந்தை வைக்கும்போது, மற்றவர்கள் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்க, ஷ்டிமாட்ஸ் பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற இளைஞன் ஒருவனின் சட்டையைப் பிடித்து இரண்டடி இடப்பக்கம் நகர்த்திவிட்டு, அதன் பின்னரே திரும்பினார். பந்து அந்த இளைஞன் நின்ற இடத்துக்கே வந்தது. அவன் தலையால் முட்டி வெளியே அனுப்பினான், கைதட்டல் முழுவதும் அவனுக்குப் போனது.

நான் ஏன் இதையெல்லாம் கவனித்தேன் என்றால், பள்ளிக்கூடத்தில் நானும் பின்வரிசைதான். ஓர் இறுதியாட்டத்தின் கடைசி நிமிடங்களில், பந்து கோட்டைத் தாண்டிப் போய்விடும் என்று நினைத்துக் காலைத் தூக்காமல் விட்டேன். அது சேற்றில் நின்றுவிட்டது, பின்னால் ஓடி வந்தவன் கோல் போட்டான். அந்த ஆண்டு முழுவதும் நான் தடுத்த பந்துகளை ஒருவரும் எண்ணவில்லை. ஆனால் முப்பது வருடம் கழித்து ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டுப் பந்தியில், “நீதானே அந்தப் பந்தை விட்டவன்?” என்று கேட்கிறார்கள். முன்கள வீரன் பத்துத் தரம் வெளியே அடித்து ஒரு தரம் உள்ளே அடித்தால் அந்த ஒன்றைச் சொல்லி வாழ்த்துகிற அதே வாய்கள்தான்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். ஷ்டிமாட்ஸ் 1987 இல் சிலியில் நடந்த இளையோர் உலகக் கிண்ணத்தை வென்ற யூகோஸ்லாவிய அணியில் இருந்தவர். பின்னாளில் குரோஷிய அணியில் பெயர் பெற்ற பொபான், ஷூக்கர், ப்ரோசினெச்கி, யார்னி எல்லோரும் அந்த அணியில்தான் இருந்தார்கள். 1991 மே 8 அன்று, நாடு உடைந்துகொண்டிருந்த நாட்களில், பெல்கிரேடில் நடந்த யூகோஸ்லாவியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஹைடுக் அணி பெல்கிரேடின் சொந்த அணியான ரெட் ஸ்டாரை 1–0 என்று வென்றது. மூன்று வாரங்களில் ஐரோப்பியக் கழகங்களுக்கான கிண்ணத்தையே வெல்லப்போகும் ரெட் ஸ்டார் அது. அந்த ஆட்டத்தில் ஷ்டிமாட்ஸும் ரெட் ஸ்டார் வீரர் மிஹைலோவிச்சும் மோதிக்கொண்டு இருவரும் வெளியேற்றப்பட்டார்கள், பகை இருபது வருடத்துக்கு மேல் நீடித்தது. 2013 இல் குரோஷியாவுக்கும் செர்பியாவுக்கும் பயிற்றுநர்களாகச் சந்தித்தபோதுதான் கைகுலுக்கினார்கள். அந்த மண்ணின் அரசியலில் நான் யார் பக்கமும் பேச வரவில்லை. உடைந்த ஊரிலிருந்து வந்தவன் என்பதால் அந்த ஆட்டத்தை வெறும் விளையாட்டாக என்னால் படிக்க முடிவதில்லை, அவ்வளவுதான்.

குரோஷியாவுக்காக அவர் 53 ஆட்டங்கள் ஆடினார். குறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ரசிகன் என்பீர்கள்: 1996 ஐரோப்பியக் கிண்ணக் காலிறுதியில், மான்செஸ்டரில், ஜெர்மனிக்கு எதிராக இரண்டாம் பாதியில் சிவப்பு அட்டை வாங்கி அணியைப் பத்துப் பேரோடு விட்டுப்போனார், குரோஷியா 2–1 என்று தோற்றது. கோபம் அவருடைய பழைய நோய். ஆனால் 1998 உலகக் கிண்ணத்தில் குரோஷியா மூன்றாம் இடம் பிடித்ததை நினைப்பவர்கள் ஷூக்கரின் 6 கோல்களை மட்டும் சொல்கிறார்கள். 7 ஆட்டங்களில் அந்த அணி வாங்கிய கோல்கள் 5 என்பதை ஒருவரும் சொல்வதில்லை. அந்தப் பின்வரிசையின் நடுவில் நின்றவர்களில் ஒருவரைத்தான் நீங்கள் ஒட்டிக்கொண்டவர் என்கிறீர்கள்.

டார்பி பிரீமியர் லீக்கில் அவர் இருந்த மூன்று பருவங்களில் 12ஆம், 9ஆம், 8ஆம் இடங்களில் முடித்தது. 1999 இல் அவர் லண்டன் வெஸ்ட் ஹாமுக்கு மாறினார். அதே ஆண்டு நானும் ஈஸ்ட் ஹாமில், எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த ஹை ஸ்ட்ரீட் நோர்த்துக்குப் பக்கத்தில், குடியேறியிருந்தேன். மைதானம் நடந்து போகும் தூரம். மனிதர் என் பின்னாலேயே வருகிறார் என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். வேகம் குறைந்துவிட்ட காலம் அது. 2001 இல் ஹைடுக்குத் திரும்பி அடுத்த ஆண்டு விளையாட்டை நிறுத்தினார்.

பயிற்றுநராக அவர் என்ன செய்தார் என்பது வேறு கணக்கு, இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதாதீர்கள். 2023 இல் பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணப் போட்டியில், பாகிஸ்தான் வீரர் பந்தை எறியப் போகும்போது ஓரத்தில் நின்றபடியே அதைத் தட்டிவிட்டுச் சிவப்பு அட்டை வாங்கினார். பின்னர் குவைத் ஆட்டத்திலும் இன்னொன்று. தடை விழுந்ததால், இந்தியா தண்டனை உதைகளில் கிண்ணத்தை வென்ற இறுதியாட்டத்தில் அவர் அணியோடு நிற்க முடியவில்லை. பெல்கிரேடிலும் மான்செஸ்டரிலும் வெளியேறிய அதே ஆள்தான் என்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தோன்றியது.

அந்த இறுதியாட்டம் நடந்தது ஜூலை 4. சரியாக 25 வருடங்களுக்கு முன், 1998 ஜூலை 4 அன்று, லியோனில் நடந்த உலகக் கிண்ணக் காலிறுதியில் குரோஷியா ஜெர்மனியை 3–0 என்று வென்றது. முதற்பாதியிலேயே வோர்ன்ஸ் வெளியேற்றப்பட்டு ஜெர்மனி பத்துப் பேரானது என்று யாராவது எழுதுவார்கள். உண்மைதான், ஆனால் அதுவரை கிட்டத்தட்ட நாற்பது நிமிடம் பதினொரு பேரும் இருந்தார்களே. முழு ஆட்டத்தின் ஒளிப்பதிவு கிடைத்தால் அந்த நாற்பது நிமிடத்தைப் பாருங்கள். ஜெர்மனியர் மூலை உதைக்குப் பந்தை எடுத்துக்கொண்டு நடக்கும் நேரங்களில், குரோஷியப் பெட்டிக்குள் யார் யாரை எங்கே நிறுத்துகிறார் என்பதைக் கவனித்துவிட்டு வந்து எழுதுங்கள்.