வளவுச் செடியும் பிள்ளைகளின் தோலும்: கேள்வி-பதில்

மாரி முடிந்து பற்றை மண்டிக் கிடக்கிற நேரம். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு ஒரே பதில்தான்: சவர்க்காரம், ஓடும் தண்ணீர், பத்து நிமிடம்.

விசுவமடு: பூனைக்காலி பட்டு 6 வயது மகன் சொறிகிறான்.
சொறியச் சொறியச் சுணை உள்ளேதான் போகும். செலோரேப்பை ஒட்டி ஒட்டி உரியுங்கள், பிறகு கழுவுங்கள். அந்தச் சட்டையை மற்ற உடுப்புகளோடு ஊறப்போடாதீர்கள்.

ஒட்டுசுட்டான்: பிள்ளையாருக்கு எருக்கலம்பூப் பறித்த மகளின் கண்ணில் பால் தெறித்துவிட்டது. நோவில்லை என்கிறாள். பொறுத்துப் பார்க்கலாமா?
கூடாது. எருக்கலைப் பால் நோகாமலே பார்வையை மங்கவைக்கும். கண்ணைத் திறந்துபிடித்து 20 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். இதைக் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தீர்களா?

நெடுங்கேணி: செடி பட்டுப் பொரிந்திருக்கு. என்ன மருந்து?
என்ன செடி? பிள்ளைக்கு எத்தனை வயது? உடம்பில் எந்த இடம்? நான் குறி சொல்பவனில்லை. கழுவுங்கள்.

மாங்குளம்: மகனின் கழுத்துக் கடிக்குத் தேசிக்காய் தேய்த்தோம். இப்போது கருந்திட்டு. எந்தச் செடி செய்த வேலை?
தேசிக்காய் செய்த வேலை. எத்தனை தரம் எழுதிவிட்டேன்! தேசிக்காயிலுள்ள சோராலென் என்ற இரசாயனம் தோலில் இருக்க வெயில் பட்டால், ஓரிரு நாளில் சிவந்து கொப்பளிக்கும். பிறகு கறுக்கும். அதுவும் எங்கள் வன்னி வெயில்! ஒருமுறை ஒரு பிள்ளையின் முதுகில் ஐந்து விரலும் பதிந்த தடம். யாரோ அடித்துவிட்டார்கள் என்று ஊரே கொதித்தது. விசாரித்தால், தாய் கிணற்றடியில் தேசிக்காய் பிழிந்த கையோடு பிள்ளையைத் தூக்கியிருக்கிறா. அந்தத் தடம் மறைய இரண்டு மூன்று மாதம் எடுத்தது. உங்கள் மகனுக்கும் அப்படித்தான் தானாக மறையும். வெயில் படாமல் மூடுங்கள். தேசிக்காயைக் கறிக்கு விடுங்கள். தோலுக்குச் சவர்க்காரமும் தண்ணீரும் போதும்.

வவுனியா: வேலியோரப் பார்த்தீனியத்தைப் பிள்ளைகளைக் கொண்டு பிடுங்குவிக்கலாமா?
வேண்டாம். ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் பிறகு செடிக்குக் கிட்டப் போனாலே கண்ணிமையும் கழுத்தும் தடிக்கும். பெரியவர்கள் கையுறையோடு, பூக்கும் முன் பிடுங்குங்கள். ஒரு செடி 10,000க்கு மேல் விதை விடும்.

கிளிநொச்சி: பார்மசியில் வாங்கிய கிறீமை ஒரு மாதமாக மகளின் முகத்தில் பூசுகிறோம். நிறுத்தினால் திரும்ப வருகிறது.
ஸ்டெரொயிட் கலந்த கிறீமாக இருக்கும். பிஞ்சு முகத்துக்கு ஒரு கிழமையே அதிகம். ரியூப்பையும் கையோடு எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே கிளினிக்குக்குப் போங்கள்.