அக்கரையில் போட்ட ஊசி இக்கரையில் செல்லுமா?

தமிழ்நாட்டிலிருந்து நான்கு மாதங்களுக்கு முன் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைப் பக்கம் வந்து குடியேறிய ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகன் திருச்சியில் பிறந்தவன், இப்போது இருபது மாதம். பிறந்தவுடனும், ஆறு, பத்து, பதினான்காம் கிழமைகளிலும் போட்ட ஊசிகள் அங்கத்தைய அட்டையில் தெளிவாக இருக்கின்றன. ஒன்பதாம் மாத வரி மட்டும் பயணத்தில் தண்ணீர் பட்டுக் கரைந்துவிட்டது. "போட்ட மாதிரித்தான் ஞாபகம், ஆனால் சத்தியம் பண்ண மாட்டேன்" என்கிறார். அதன்பின் எந்த ஊசியும் இல்லை. இங்கே எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். போன ஊசிக்குக் கால் வீங்கி இரண்டு நாள் காய்ச்சல் காய்ந்ததைக் கண்ட மாமி, இனி ஊசியே வேண்டாம் என்கிறார். தனியார் ஆஸ்பத்திரியில் போட்டால் காய்ச்சல் வராது என்று இன்னொருவர் சொன்னாராம். "இங்கே மிட்வைப் வீடு தேடி வருவார் என்று கேள்விப்பட்டேன். எங்களிடம் ஒருவரும் வரவில்லை. நான் எங்கே போய் என்ன கேட்பது?"

தங்கச்சி, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றவற்றுக்கு வழி அதில்தான் இருக்கிறது.

உங்களிடம் மிட்வைப் வராததற்குக் காரணம் அலட்சியம் அல்ல. உங்கள் மகனின் பெயர் அவருடைய பதிவேட்டில் இல்லை. இங்கே ஒரு பெண் கர்ப்பம் தரித்து முதல் தடவை கிளினிக்குக்குப் போகும்போதே அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரான மிட்வைப் அவரைப் பதிந்துகொள்வார். பிள்ளை பிறந்ததும் அந்தப் பெயர் பிறப்பு, தடுப்பூசிப் பதிவேட்டுக்குப் போகும். எந்த மாதம் எந்த ஊசி என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு வரி. குறித்த நாளில் வராத பிள்ளையின் கட்டம் வெறுமையாகக் கிடக்கும். அதைப் பார்த்துத்தான் அவர் படலையடிக்கு வருகிறார். உங்கள் மகனுக்கு வரியே இல்லை என்பதால் வெறுமையான கட்டமும் இல்லை. உங்கள் பகுதியான வலிகாமம் வடக்கில் இது உங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. இராணுவத்திடமிருந்து காணிகள் கட்டம் கட்டமாக விடுபட்ட இடம் அது. முகாமில் கொஞ்சக்காலம், உறவினர் வீட்டில் கொஞ்சக்காலம், பிறகு சொந்தக் காணி என்று மாறிய குடும்பங்களின் பிள்ளைகள் இரண்டு பதிவேடுகளுக்கு நடுவில் விழுந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதல் வேலை, உங்கள் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போவது. எம்ஓஎச் ஒஃபிஸ் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். ஜே என்று தொடங்கும் உங்கள் கிராம சேவையாளர் பிரிவு இலக்கத்தைச் சொல்லுங்கள், எந்த மிட்வைப்பின் பகுதி என்று சொல்லிவிடுவார்கள். கரைந்த அட்டையையும் கொண்டு போங்கள். பிள்ளையின் பிறப்புப் பதிவு, குடியுரிமைப் பத்திர வேலைகள் இழுபட்டுக்கொண்டிருந்தால் அது முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஊசி அதற்காக நிற்காது, காசும் கிடையாது. மகனுக்குப் புதிதாக ஒரு சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு எழுதித் தருவார்கள். ஆண் பிள்ளைக்கு நீல மட்டை, பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு. ஊர்ப்பேச்சில் கிளினிக் கொப்பி. பழைய அட்டையை எறிந்துவிடாமல் அதனுள் வையுங்கள்.

அந்த அட்டையை இங்கே வாசிப்பதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. அங்கே தட்டம்மை என்று எழுதியிருப்பதுதான் எங்களுடைய சின்னமுத்து. கக்குவான் இருமல் என்பது குக்கல், ரண ஜன்னி என்பது ஏற்புவலி, தொண்டை அடைப்பான் என்பது தொண்டைக்கரப்பான். பொன்னுக்கு வீங்கியை நாங்கள் கூவைக்கட்டு என்போம். இந்தப் பெயர்களால் ஒரு ஊசி போட்டதா இல்லையா என்று மாறி விளங்கிக்கொள்ள இடமுண்டு. நீங்களே பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுங்கள்.

முதலிலிருந்து போட வேண்டியதில்லை. பென்டா எனப்படும் ஐந்து நோய்க்கான ஊசி அங்கே ஆறு, பத்து, பதினான்காம் கிழமைகளில். இங்கே இரண்டு, நான்கு, ஆறாம் மாதங்களில். திகதி வேறானாலும் மூன்று முறை, இடையில் நான்கு கிழமைக்குக் குறையாத இடைவெளி என்ற கணக்கு இரண்டிலும் நிறைவாகிறது. அந்த மூன்றும் செல்லும். எவ்வளவு பிந்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், போட்டது வீணாகாது. பிறந்தவுடன் போட்ட, காசநோய்க்கான பிசிஜிக்கு இடது மேற்கையைப் பாருங்கள். சின்னதாகக் குழிந்த தழும்பு இருந்தால் அதுவே சாட்சி. தழும்பு விழாத பிள்ளைக்கு ஆறு மாதத்துக்குப் பின், ஐந்து வயதுக்குள் இன்னொரு தடவை போடுவது இங்கத்தைய வழக்கம்.

இனிக் கரைந்த வரிக்கு வருகிறேன். ஒன்பதாம் மாதத்தில் அங்கே போடுவது சின்னமுத்துக்கும், ஜேர்மன் சின்னமுத்து எனப்படும் ருபெல்லாவுக்குமான ஊசி. இங்கே அதே வயதில் போடும் எம்எம்ஆர் கூவைக்கட்டையும் சேர்த்துத் தடுக்கிறது. எழுத்தில் இல்லாததைப் போடவில்லை என்றே நாங்கள் எடுத்துக்கொள்வோம். தாயின் ஞாபகத்தைச் சந்தேகிப்பதல்ல இது. தப்பாக நினைத்து விட்டுவிட்டால் வரும் கேடு பெரிது, இன்னொரு தடவை போட்டால் வரும் கேடு இல்லை. ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி உள்ள உடம்பு அந்த மருந்தை அப்படியே அடக்கிவிடும். திருச்சியில் நீங்கள் போன ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியரை அழைக்க முடியுமானால், கர்ப்பப் பதிவின்போது தந்த பிக்மி எண்ணைச் சொல்லி அந்தத் திகதியைக் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் நல்லது, கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

சின்னமுத்து விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2019ல் இலங்கை அந்த நோயை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023ல் அது திரும்ப வந்தது. ஊசி வயதை எட்டாத கைக்குழந்தைகளும், ஊசி தவறிய வளர்ந்தவர்களும் அகப்பட்டார்கள். ஒழித்தது என்று பேர் வாங்கிய நோய், பதிவேட்டில் விடுபட்ட பிள்ளைகளைத் தேடிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

மகனுக்கு இப்போது நிலுவையில் இருப்பவை மூன்று. தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி மூன்றுக்குமான பதினெட்டாம் மாத முக்கூட்டு ஊசியும் அதனுடன் போலியோ சொட்டும், கரைந்த வரிக்கான எம்எம்ஆர், பன்னிரண்டாம் மாதத்தில் போடும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி. கடைசியானது தமிழ்நாட்டில் சில மாவட்டங்களில் மட்டும் போடப்படுவது, அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. 1980களின் நடுவில் அனுராதபுரப் பக்கம் அந்த நோய் பரவி உயிர்களைக் கொண்டுபோனதன் பிறகு வந்த ஏற்பாடு. எம்எம்ஆரும் மூளைக்காய்ச்சல் ஊசியும் உயிருள்ள, வலுக்குறைத்த கிருமியால் ஆனவை. ஒரே நாளில் போடலாம், இல்லாவிட்டால் நான்கு கிழமை இடைவெளி விட வேண்டும். எது வசதி என்று கிளினிக்கில் இருக்கும் டொக்டர் முடிவு செய்வார்.

"இன்றைக்கு வந்தேன், அடுத்த கிளினிக்குக்கு வரச் சொல்கிறார்கள்" என்று கோபப்படும் தாய்மார் உண்டு. கோபம் நியாயமானதே, கூலி வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள். ஆனால் காரணத்தையும் சொல்ல வேண்டும். எம்எம்ஆர் தூளாக வரும், ஒரு குப்பியில் பல பிள்ளைகளுக்கான மருந்து. கலந்தால் ஆறு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சினால் கொட்ட வேண்டும். அதனால்தான் பிள்ளைகளை ஒரு நாளில் சேர்க்கிறார்கள். கிளினிக் நாளன்று ஐஸ் பொதியை உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊசிப் பெட்டிக்குள் வைக்க மாட்டார்கள். மேசையில் பரப்பி, வெளியே வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை பொறுத்திருப்பார்கள். முக்கூட்டு ஊசி மருந்து வெயிலுக்குப் பழுதாவது போலவே உறைந்தாலும் பழுதாகும், இரண்டு பாகைக்கும் எட்டுப் பாகைக்கும் நடுவில் இருக்க வேண்டும். குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் வெளிறிய சதுரமும் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கறுக்கும், வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பி குப்பைக்கு. கேட்டால் காட்டுவார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போகும் மருந்துக்கும் இதே கணக்குத்தான். மின்சாரமே இல்லாத 1990களிலும் இந்தக் குடாநாட்டில் ஊசி நிற்கவில்லை. 1995 தொடக்கம் போலியோ சொட்டு நாட்களுக்காக, யுனிசெப் நடுவில் நின்று பேச, இரண்டு பக்கமும் சண்டையை நிறுத்தி வைத்தார்கள். நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 1993ல்.

மாமியின் பயத்தைத் தட்டிக்கழிக்காதீர்கள், அவர் கண்ணால் கண்டதைச் சொல்கிறார். குக்கலுக்கான பகுதி அந்தக் கிருமியின் முழு உடலையும் கொன்று செய்யப்படுவது. உடம்பு அதை எதிர்த்துப் பழகும்போது காய்ச்சலும் கால் வீக்கமும் வருவது வழமை. இந்த முறையும் வரலாம் என்று அவரிடம் முதலே சொல்லிவிடுங்கள், வந்தால் திடுக்கிட மாட்டார். பரசிற்றமோல் கணக்கு, ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம். மகன் பத்துக் கிலோ என்றால் 150. ஐந்து மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பில் ஆறு மில்லிலீற்றருக்குச் சற்று மேல். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். போத்தலில் அளவு வேறாக இருந்தால் மருந்தாளரிடம் கேளுங்கள். ஊசி போட்ட இடத்தைத் தடவவோ எண்ணெய் பூசவோ வேண்டாம். போட்டதும் அரை மணித்தியாலம் கிளினிக்கிலேயே இருங்கள். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால், மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓயாமல் வீரிட்டு அழுதால், வலிப்பு வந்தால், மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு. முந்திய ஊசிக்கு வலிப்போ, உடம்பெல்லாம் தடிப்போ வந்திருந்தால் ஊசிக்கு முன் டொக்டரிடம் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதிய வீக்கமும் காய்ச்சலும் அந்த வகை அல்ல. எம்எம்ஆருக்கு ஒரு கிழமை கழித்துத்தான் லேசான காய்ச்சலும் தடிப்பும் வரலாம் என்பதையும் மாமிக்குச் சொல்லி வையுங்கள்.

தனியார் ஆஸ்பத்திரி பற்றிச் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. அங்கே குக்கல் கிருமியின் சில துண்டுகளை மட்டும் எடுத்துச் செய்த ஊசி கிடைக்கும், காய்ச்சல் குறைவு. விலை அதிகம், பாதுகாப்புச் சற்று விரைவாகத் தேயும். இரண்டு நாள் காய்ச்சலைத் தவிர்க்க அந்தக் காசைக் கொடுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. கொப்புளிப்பான் ஊசி போல அரச அட்டவணையில் இல்லாதவற்றுக்கு வசதி இருந்தால் போகலாம். எதைப் போட்டாலும் கிளினிக் கொப்பியில் பதிவித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ருபெல்லா ஊசி போட்டதா என்பதையும் அன்றைக்கே மிட்வைப்பிடம் கேளுங்கள். கர்ப்பமாக இருந்தால் போட முடியாது, சந்தேகம் இருந்தால் சொல்லிவிடுங்கள். மகனுக்கு இப்போதைய ஊசிகள் முடிந்தபின் மூன்று வயதில் எம்எம்ஆர், ஐந்து வயதில் வேறொரு ஊசி. அதன்பிறகு பள்ளிக்கூடத்திலேயே போடுவார்கள். கிளினிக்கை விட்டு வெளியே வருமுன் அடுத்த திகதியைக் கொப்பியில் எழுதுவித்து, மிட்வைப்பின் தொலைபேசி இலக்கத்தையும் அதன் உள்மட்டையில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.